காஞ்சி யாத்திரையும் கைங்கர்யமும்

அயோத்தியா, மதுரா, மாயா, காசி, காஞ்சி, அவந்திகா, துவாரகை ஆகிய ஏழும் முக்தி தரும் நகரங்கள் என்பது ஆன்றோர் கொள்கை. இவற்றுள் தென்னாட்டில் அமைந்தது காஞ்சி ஒன்றே. இத்தகைய க்ஷேத்திரத்திற்குச் செல்லும் யாத்திரிகர் பலர், காலையில் பெருமாளை ஸேவித்து, பகலில் பட்டுக்கடை ஏறி, எங்கோ இட்லி உண்டு, மாலையில் ஊர் திரும்பிவிடுகின்றனர். கோயில் வேறு, பட்டு வேறு, உணவு வேறு என்று எண்ணுவதே இதற்குக் காரணம். ஆராய்ந்து நோக்கின், இம்மூன்றும் கைங்கர்யம் என்னும் நூலில் கோத்த மணிகளே என்பது விளங்கும்.

'என்ன செய்ய வேண்டும்?' என்று காத்து நிற்பவன் கிங்கரன். அவன் செயல் கைங்கர்யம். பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் பேரருளாளனுக்குத் திருவாலவட்டம் வீசினார். ஸ்ரீராமாநுஜர் சாலைக்கிணற்றிலிருந்து தீர்த்தம் சுமந்து வந்தார். விசிறியும் குடமும் எளிய பொருள்களே. ஏந்திய கைகளின் பெருமையால் அவை இன்றளவும் பேசப்படுகின்றன.

கல்லில் கைங்கர்யத்தைக் காண விரும்புவோர் பரமேச்சுர விண்ணகரம் செல்லவேண்டும். நந்திவர்ம பல்லவமல்லன் எட்டாம் நூற்றாண்டில் எடுப்பித்த இக்கோயிலில், எம்பெருமான் மூன்று நிலைகளில் இருந்தும் கிடந்தும் நின்றும் ஸேவை ஸாதிக்கிறான். திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறே சிற்பங்களாக விரிகிறது. காஞ்சி நகரிலுள்ள திவ்யதேசங்கள் பதினான்கு. அவற்றுள் ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் ஆகிய நான்கும் உலகளந்த பெருமாள் கோயிலிலேயே உள்ளன. நிலாத்திங்கள் துண்டம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குள்ளும், கள்வனூர் காமாட்சியம்மன் கோயிலுக்குள்ளும் இருப்பதை அறியாது திரும்புவோர் உண்டு.

இனி, மடைப்பள்ளி. வரதராஜப் பெருமாளுக்கு அமுது செய்விக்கப்படும் குடலை இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஆதாரம். மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் ஆகியவை சேரும். மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் மாவை வார்த்து, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆவியில் வேகவைப்பர். இதே பெயரில் கடைகளில் கிடைப்பது சுவையுடையதாகலாம். எனினும் பெருமாள் அமுது செய்த பின்னரே உணவு பிரஸாதமாகிறது என்பதை அன்பர்கள் மறத்தலாகாது.

பட்டுநெசவும் அவ்வாறே அறியத்தக்கது. கர்நாடகத்துப் பட்டிழையும் சூரத்து ஜரிகையும் காஞ்சித் தறியில் ஒன்றுகூடுகின்றன. கோர்வை முறையில் உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடாக்கள் ஓடும். இழைதோறும் உடலையும் கரையையும் பிணைத்தாக வேண்டுமாதலின், நெசவாளர் அருகே துணையாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். ஆகவே ஒரு சேலையில் நான்கு கைகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது. கோபுரக் கரை, அன்னம், யாளி முதலிய வடிவங்கள் கோயிற் சிற்பங்களை நினைவூட்டுவன. 2005–06ஆம் ஆண்டில் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஆயினும் விசைத்தறித் துணி காஞ்சிப் பட்டென்னும் பெயரில் மலிவாக விற்கப்படுகிறது. தறியில் அமர்ந்தவரின் பிள்ளைகள் வேறு தொழில் நாடிச் செல்கின்றனர். குழித்தறி வெறுமையானால், தலைமுறையாகக் கையில் வளர்ந்த வித்தையை எந்த ஏட்டிலிருந்தும் மீட்க இயலாது. ஆதலின் சேலை வாங்குவோர் அதனைத் திருப்பி, உடலும் கரையும் சேருமிடத்தில் இழைகள் பிணைந்துள்ளனவா என்று காணவேண்டும். கூட்டுறவுச் சங்கங்களில் வாங்குவது நலம். விலையைக் குறைக்கச் சொல்லுமுன் அந்த நான்கு கைகளை ஒருகணம் நினைத்தல் தர்மம்.

2019ஆம் ஆண்டில் அனந்தஸரஸிலிருந்து எழுந்தருளிய அத்திவரதரை 48 நாட்கள் ஸேவிக்க மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். நாற்பது ஆண்டு மரபின்படி அடுத்த ஸேவை 2059இல். அதுவரை காத்திருக்க வேண்டாத ஸேவை ஒன்று காஞ்சியில் நாள்தோறும் உண்டு. மடைப்பள்ளியில் குடலை சுமப்பவரையும் தறிக்குழியில் நாடா தள்ளுபவரையும் கண்டு கைகூப்பும் யாத்திரிகருக்கே காஞ்சி யாத்திரை நிறைவுறும்.

பேரருளாளன் திருவடிகளே சரணம்.