பேட் பெயராமல் ஐசி கழற்றுவது எப்படி?

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி நடந்தது இது. லைன் ஃபாலோயர் ரோபோ. போர்டு நாங்களே ஃபெரிக் குளோரைடில் எட்ச் பண்ணது. பவர் கொடுத்தா மோட்டார் முனகுதே தவிர ஓடல. பார்த்தா, மோட்டார் டிரைவர் எல்293டி-யைத் தலைகீழா வெச்சு சோல்டர் பண்ணியிருக்கோம். 25 வாட் அயர்னை எடுத்து ஒவ்வொரு காலாகச் சூடு காட்டி, அடியில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். ஐசி வந்துடுச்சு. கூடவே மூணு பேடும் வந்துடுச்சு.

இதில் கொடுமை என்னன்னா, அந்த ஐசி சாகவே இல்லை. எல்293டி-யைத் திருப்பி வெச்சாலும் 4, 5, 12, 13 ஆகிய நாலு கிரவுண்ட் கால்களும் கிரவுண்டிலேயேதான் விழும். 8, 16 என்ற இரண்டு சப்ளை கால்கள்தான் இடம் மாறும். மோட்டாருக்குப் போக வேண்டிய 12 வோல்ட் லாஜிக்குக்கும், லாஜிக்கோட 5 வோல்ட் மோட்டாருக்கும் போயிருக்கு. ஐசி அதைத் தாங்கிக்கிச்சு. நான் நெம்பினதைத்தான் போர்டு தாங்கல.

பேட் ஏன் பெயர்கிறது? காப்பர் தகடு போர்டோடு பசையால்தான் ஒட்டியிருக்கு. சூட்டில் அந்தப் பிடிப்பு தளரும். எவ்வளவு நேரம் சூடு நிக்குதோ அவ்வளவு தளரும். அந்த நேரத்தில் கால் இன்னும் ஈயத்துக்குள்ளே மாட்டிக்கிட்டு இருக்க, நீங்க இழுத்தா பேடும் சேர்ந்துதான் வரும். "சின்ன அயர்ன்தான் போர்டுக்குப் பாதுகாப்பு" என்று நாம நினைக்கிறது இங்கேதான் தப்பாகுது. 25 வாட் அயர்னுக்குக் கட்டுப்பாடு கிடையாது. சும்மா இருக்கும்போது தேவைக்கு மேல் சூடாகும். பெரிய காப்பர் பரப்பில் வெச்சதும் சூடு இறங்கிடும். ஈயம் உருகலையேன்னு அரை நிமிஷம் அழுத்திப் பிடிப்போம். 340 டிகிரியில் மூணு செகண்ட் வைக்கிறதைவிட அது மோசம்.

எல்293டி-யில் அந்த நாலு கிரவுண்ட் கால்கள் சிப்போட சூட்டை வெளியே கொண்டு போகவும் வெச்சிருக்கிறவை. அகலமான காப்பரோடு சேர்த்திருப்போம். அதனால் அயர்னோட சூட்டையும் அப்படியே இழுத்துக்கும். என்னோட மூணு பேடில் இரண்டு அங்கேதான் போச்சு.

கழற்றும்போது முதலில் செய்ய வேண்டியது கேட்கவே விநோதமா இருக்கும்: புது ஈயம் வைங்க. பழைய ஈயத்தில் ஃப்ளக்ஸ் எரிஞ்சு போயிருக்கும், மேலே ஆக்சைடு படிஞ்சிருக்கும், பிட்டிலிருந்து சூடு சரியா இறங்காது. கொஞ்சம் புது ஈயம் சேர்ந்ததும் எல்லாம் பளபளன்னு இளகும். கம்பெனி போர்டா இருந்தா இது கட்டாயம். அவற்றில் பெரும்பாலும் ஈயமில்லாத சோல்டர் இருக்கும். அது உருக சுமார் 217 டிகிரி செல்சியஸ் வேணும். நம்ம 63/37 ஈய சோல்டர் 183-லேயே உருகும். இரண்டையும் கலந்தா வேலை சுலபம்.

அப்புறம் சக்கர். ஸ்ப்ரிங்கை அழுத்தி வெச்சுக்கிட்டு, ஈயம் முழுசா உருகினதும், பிட்டை எடுக்காமலேயே பக்கத்தில் வெச்சு பட்டனைத் தட்டுங்க. பிட்டை எடுத்துட்டு சக்கரைத் தேடினா அதுக்குள்ளே ஈயம் உறைஞ்சிடும். மிச்சத்துக்கு விக், அதாவது பின்னின காப்பர் நாடா. அதில் ஃப்ளக்ஸ் தடவி, ஈயத்துக்கும் பிட்டுக்கும் நடுவில் வைக்கணும். எடுக்கும்போது விக்கையும் பிட்டையும் சேர்த்தே தூக்குங்க. விக் மட்டும் உறைஞ்சு ஒட்டிக்கிட்டா, அதை இழுக்கிறதும் பேடைப் பிய்க்கிறதும் ஒண்ணுதான்.

கடையில் செய்து வாங்கின இரண்டு பக்க போர்டில் இன்னொரு சிக்கல். ஓட்டைக்குள்ளேயும் காப்பர் பூச்சு இருக்கும். அவசரப்பட்டு காலை இழுத்தா அந்தப் பூச்சும் உருவிக்கிட்டு வரும், மேலடுக்குக்கும் கீழடுக்குக்கும் தொடர்பு போயிடும். ஒவ்வொரு காலையும் ட்வீசரால் லேசாத் தட்டிப் பாருங்க. ஆடினா விடுபட்டிருக்கு. ஆடலைன்னா மறுபடி புது ஈயம்.

ஐசி போனாலும் பரவாயில்லைன்னா இந்தக் கஷ்டம் எதுவுமே வேண்டாம். நிப்பரால் கால்களை உடம்போடு ஒட்டி வெட்டிட்டு, தனித்தனி காலா சூடு காட்டி ட்வீசரால் எடுங்க. அன்னைக்கு நான் இதைத்தான் செஞ்சிருக்கணும். ஒரு சிப்போட விலையைப் பார்த்து, இரண்டு வார போர்டைப் பணயம் வெச்சேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனா என்ன வாங்கலாம்? முதலில் நல்ல ரோசின் ஃப்ளக்ஸும் விக்கும். குழாய் ஒட்டுற ஆசிட் ஃப்ளக்ஸ் வேண்டவே வேண்டாம், ட்ராக்கை அரிச்சிடும். அடுத்து, வெப்பக் கட்டுப்பாடு உள்ள 60 வாட் அயர்ன். காசு சேர்ந்தா டி12 வகை: ஹீட்டரும் சென்சாரும் பிட்டுக்குள்ளேயே இருக்கும், சூடு குறைஞ்சா உடனே ஈடுகட்டும். பிட் ஊசி முனையா வேண்டாம், உளி முனையா வாங்குங்க; பேடோடு நல்லாப் பொருந்தும். ஹாட் ஏர் ஸ்டேஷன் எஸ்எம்டி வேலைக்கு வரும்போது பார்த்துக்கலாம். ஜன்னலைத் திறந்து வைங்க, புகை ஃப்ளக்ஸோடது, நெஞ்சுக்கு ஆகாது. ஈயம் தொட்ட கையோடு பஃப்ஸ் சாப்பிடாதீங்க.

பேட் பெயர்ந்தே போச்சுன்னா? அந்த ட்ராக்கை பிளேடால் சுரண்டி காப்பர் தெரியவெச்சு, ஈயம் பூசி, வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் காலை அங்கிருந்து ஐசி கால் வரை ஒட்டுங்க. மல்டிமீட்டரில் கன்டினியூட்டி பாருங்க, பக்கத்து ட்ராக்கைத் தொடலைன்னும் பாருங்க. எங்க ரோபோ மறுநாள் மூணு ரெசிஸ்டர் காலோடுதான் கோட்டில் ஓடிச்சு. இந்தத் தடவை ஐசி, 16 கால் பேஸில் உட்கார்ந்திருந்தது.