அட்டையை அவர் எழுதட்டும்

“இயற்கை முறைதானே, பாவமில்லை” என்று சொல்லி எழுந்துபோகும் ஜோடிகளைத் திருமணத் தயாரிப்பு வகுப்பில் மறுபடி உட்காரவைத்துப் பேசுவேன். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் வெளியிட்ட ‘ஹூமானே வீத்தே’ சுற்றுமடல், கரு தங்காத நாள்களில் மட்டும் கூடுவதை ஏற்கிறது. ஆனால் அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்கிறது. உடல்நிலையோ, மனநிலையோ, குடும்பச் சூழலோ, எடைபோட வேண்டியவர்கள் கணவனும் மனைவியும்தான். இரண்டாம் பிரசவத்துக்குப் பின் எனக்கு வந்த இரத்தசோகை எங்களுக்குக் காரணமாக இருந்தது. தறிக்கூலியை நம்பிய குடும்பம் என்பதும் சேர்ந்துகொண்டது. வெறும் சொகுசுக்காகத் தள்ளிப்போட்டால் இயற்கை முறையும் தப்புதான்.

“கருத்தடை மாத்திரையும் இதுவும் ஒன்றுதானே?” என்பார்கள். நோக்கம் ஒன்றாக இருக்கலாம். கூடிவிட்டுப் பலனைத் தடுப்பது வேறு, சில நாள் கூடாமலே இருப்பது வேறு. திருச்சபை கோடு போடுவது அங்கேதான்.

நாங்கள் கற்றது ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் பில்லிங்ஸின் முறை. பெண்ணுறுப்பில் அன்று வறட்சியா, ஈரமா, வழவழப்பா என்று இரவு தூங்கும்முன் ஓர் அட்டையில் குறிக்க வேண்டும். வழவழப்பின் கடைசி நாளுக்குப் பிறகும் மூன்று நாள் விலகியிருக்க வேண்டும். மாதவிலக்கு முடிந்து வரும் வறண்ட நாள்களில் பகலில் உறவு கூடாது. அது வறண்ட நாள்தானா என்பது நாள் முழுக்கக் கவனித்த பிறகே தெரியும். பால்கொடுக்கும் மாதங்களில் குறிகள் குழப்பும், அப்போது கற்றுத்தந்தவரிடம் மறுபடி போங்கள்.

1970-களில் உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உட்பட ஐந்து ஊர்களில் இந்த முறையை ஆராய்ந்தது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் முதல் சுழற்சியிலேயே தங்கள் குறிகளைக் கண்டுகொண்டார்கள். அப்படியும் கர்ப்பங்கள் நேர்ந்தன. பெரும்பாலும் விதி தெரிந்தே மீறியதால்.

மீறுவது யார் என்பது எங்கள் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துப் பெண்களுக்குச் சொல்லித்தெரிய வேண்டியதில்லை. அதனால் எங்கள் வீட்டில் அட்டையை நான் சொல்ல என் கணவர் எழுதுவார். கூட்டுக்குடும்பத்தில் இதையெல்லாம் பேச இடமேது? ஆனால் கரையைத் தனி நாடாவில் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு எப்படியும் இரண்டு பேர் வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கரை நாடாவைத் தள்ளும்போது பேசிக்கொள்வோம். தறிச் சத்தத்தில் மாமியார் காதில் விழாது.

குடித்துவிட்டு வரும் கணவனிடம் “இன்று வேண்டாம்” என்று சொல்ல முடியாத பெண்ணிடம் அட்டையைக் கொடுத்துப் பொறுப்பை அவள் தலையில் கட்டுவது அநியாயம். மனைவியின் நிலையையும் விருப்பத்தையும் மதிக்காமல் திணிக்கும் உறவு அன்பின் செயலல்ல, அது ஒழுக்கநெறிக்கே எதிரானது என்று அதே சுற்றுமடலின் 13-ஆம் பத்தி சொல்கிறது. மாத்திரையைப் பற்றிய பகுதியைச் சொல்லும் அளவுக்கு இதை யாரும் சொல்வதில்லை. வகுப்பில் இந்தப் பத்தியை ஆண்களையே வாசிக்கச் சொல்கிறேன். அட்டையைத் தானே எழுத மாப்பிள்ளை சம்மதித்த பிறகுதான் முறையைச் சொல்லித்தரத் தொடங்குவேன்.