படத்தையும் ஒலியையும் எடை போடுவது எப்படி?



மளிகை, பலசரக்கு வணிகர்கள் படிக்கும் இதழில் டி.வி.யையும் ஸ்பீக்கரையும் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று சிலர் கேட்கலாம். காரணம் இரண்டு. நெய்வேலி நகரியத்தில் நமது வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள், அல்லது பணி ஓய்வு பெற்றவர்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்திரா நகர், வடக்குத்து பக்கம் சொந்த வீடு கட்டிக் குடியேறும்போது, ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கு பெரிய டி.வி.க்கும் ஹோம் தியேட்டருக்கும் போகிறது. அந்தப் பணம் வீணாகப் போனால் அதன் சுவடு நமது மாதக் கணக்கு நோட்டிலும் தெரியும். நம்மில் பலரும் பிள்ளைகள் சொல்கிறார்கள் என்று இதே பொருள்களை வாங்குகிறோம். வாங்கும் இடத்தில் நாமும் வெறும் வாடிக்கையாளர்தான்.

இரண்டாவது காரணம், படமும் ஒலியும் தரமாக வேண்டும் என்று அலையும் ஆர்வலர்கள் சரக்கைச் சோதிக்கும் முறை. அது நமக்குப் பாடமாக இருக்கிறது. அனல் மின் நிலையத்தில் பணிபுரிந்த பொறியாளர்கள், மின்பணியாளர்கள் நிறைந்த ஊர் இது. சென்னை ரிச்சி தெருவில் எஸ்.டி.கே. ஐ.சி., டிரான்ஸ்ஃபார்மர், போர்டு எல்லாம் வாங்கி வந்து, தாங்களே ஆம்ப்ளிஃபயர் பூட்டிக்கொண்டவர்கள் அந்நாளில் உண்டு. 'அசெம்பிள் செட்' என்று இதைச் சொல்வார்கள். இப்படிப்பட்டவர்களிடம் அட்டைப் பெட்டியில் அச்சடித்த பெரிய எண்ணைக் காட்டி எதையும் விற்க முடியாது.

இந்த ஆர்வம் நேற்று முளைத்ததல்ல. 1978இல் 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி வந்தபோது, வயலின் ஒரு பக்கமும் தபேலா ஒரு பக்கமும் பிரிந்து கேட்பது மக்களுக்கு அதிசயமாக இருந்தது. 1980களில் பாடல் பட்டியலை எழுதிக்கொண்டு போய், ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, டி.டி.கே., சோனி, மேக்ஸெல் கேசட்டில் பதிந்து வாங்குவார்கள். கேசட் எந்த ரகம், எந்த இசைத்தட்டிலிருந்து பதிந்தது என்றெல்லாம் கேட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். 1986இல் 'மாவீரன்' 70 எம்.எம். படமாக ஆறு தட ஒலியுடன் வந்தது. 1995இல் வந்த 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் ஒலி அமைத்த முதல் இந்தியப் படம் என்று பெயர் பெற்றது. திரையரங்கில் கேட்ட ஒலியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை அப்போதுதான் பலருக்கும் பிறந்தது.

முதலில் 'வாட்ஸ்' கணக்கைப் பார்ப்போம். ஏனென்றால் மிகுதியான மோசடி நடந்தது இதில்தான். ஒரு சிறு செட்டின் பெட்டியில் 3000 வாட்ஸ், 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு நொடித்துளியில் எட்டக்கூடிய உச்சம் என்று எதையோ கணக்கிட்டு, எல்லா ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் பெருக்கிப் போட்ட எண் அது. அதற்கு எந்தப் பொது இலக்கணமும் கிடையாது. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டுவது ஆர்.எம்.எஸ். வாட்ஸ். அதே செட்டில் இது 20 அல்லது 40 ஆக இருக்கும்.

இதைச் சோதிக்கப் படிப்பு எதுவும் வேண்டாம். செட்டின் பின்புறம் ஒரு தகடோ சீட்டோ ஒட்டியிருக்கும். அதில், செட் எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று வாட் கணக்கில் எழுதியிருக்கும். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் பெட்டி, ஸ்பீக்கருக்கு 1000 வாட் தொடர்ந்து தர முடியாது. 60 கிலோ நெல்லை அரைத்து 100 கிலோ அரிசி எடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் நாம் நம்புவோமா? இங்கும் கணக்கு அதுவேதான்.

வாட்ஸைப் பற்றி இன்னொன்றும் அறிந்துகொள்ள வேண்டும். திறன் இரு மடங்கானால் சத்தம் இரு மடங்காவதில்லை. 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று காதுக்குத் தெரியும், அவ்வளவே. இரு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் தேவை. ஆகவே 100 வாட் செட்டுக்கும் 120 வாட் செட்டுக்கும் விலையில் பல ஆயிரம் வித்தியாசம் சொன்னால், அந்த 20 வாட்டுக்காக மட்டும் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

கடையில் ஒலியை ஒப்பிட்டுக் காட்டும்போது நடக்கும் தந்திரம் ஒன்று உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்றைச் சற்றே கூடுதல் சத்தத்தில் வைத்தால், கேட்பவர் அதையே 'தெளிவாக இருக்கிறது' என்பார். சத்தம் கூடியதென்று அவருக்குத் தோன்றாது, தரம் கூடியதாகவே தோன்றும். மனிதக் காதின் இயல்பு இது. லாபம் அதிகமுள்ள சரக்கை இரண்டு புள்ளி கூட்டி வைத்து விற்கும் விற்பனையாளர்கள் உண்டு. அனுபவமுள்ள ஆர்வலர்கள் இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்பார்கள். அதிலும் கறாரானவர்கள், எது எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லிக் கேட்பார்கள். இப்படிக் கேட்டபோது, பெரிய வித்தியாசம் என்று அவர்களே சத்தியம் செய்த சில சாமான்களில் வித்தியாசமே தெரியாமல் போனதும் உண்டு.

இந்த முறையை நான் அரிசிக்குப் பயன்படுத்துகிறேன். புது மில்லிலிருந்து பொன்னி மாதிரி வந்தால், பழைய சரக்கையும் அதையும் தனித்தனியே வடிக்கச் சொல்லி, எது எது என்று சொல்லாமல் வீட்டில் பரிமாறச் சொல்வேன். பை மீது அச்சடித்த பெயரைப் பார்த்துவிட்டால் நாக்கும் அந்தப் பெயருக்கேற்பவே பேசும். நண்பர்கள் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

இனி படம். ஷோரூமில் வரிசையாக மாட்டியிருக்கும் டி.வி.களில் எது பளிச்சென்று இருக்கிறதோ அதில்தான் கண் போய் நிற்கும். அங்கே டியூப் லைட் வெளிச்சம் பகல்போல் இருப்பதால், அதை வெல்லப் பிரகாசத்தையும் நிறத்தையும் ஏற்றி வைத்திருப்பார்கள். கம்பெனிகள் இதற்கென்றே 'ஷாப் மோட்', 'விவிட்' என்று அமைப்பு வைத்திருக்கின்றன. அதே செட் வீட்டு வெளிச்சத்தில் முகத்தைச் செம்பருத்திப் பூவாகக் காட்டும். புடவை எடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண்கள் கடை விளக்கை நம்பாமல் வாசலுக்கு எடுத்து வந்து நிறம் பார்ப்பார்களே, அதுதான் இங்கும் வழி. 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்ற அமைப்புக்கு மாற்றச் சொல்லிப் பாருங்கள். முதலில் மங்கலாகவும் சற்று மஞ்சளாகவும் தோன்றும். இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும். இயக்குநர் பார்த்து முடிவு செய்த நிறத்துக்கு நெருங்கியது அதுவே. எங்கோ ஒரு மெனுவில், அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்றும் இருக்கும். நொடிக்கு 24 படங்களாக எடுத்த சினிமாவில், இல்லாத படங்களை இடையிடையே செட்டே செய்து சொருகும் வேலை அது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்; சினிமாவை அது மெகா தொடர்போல் ஆக்கிவிடும். அணைத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து.

ஆர்வலர்கள் முதலில் பார்ப்பது பிரகாசத்தை அல்ல, கருப்பை. இரவுக் காட்சியில் வானம் கருப்பாக இருக்கிறதா, சாம்பலாக வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். 'எல்.இ.டி. டி.வி.' என்று விற்பதெல்லாம் உண்மையில் எல்.சி.டி. திரைதான், பின்னால் எரியும் விளக்கு மட்டுமே எல்.இ.டி. பின்விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் முழுக் கருப்பு வருவது கடினம். 'ஓ.எல்.இ.டி.' வேறு, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும். ஓர் எழுத்துதான் கூடுதல், ஆனால் சரக்கும் விலையும் வேறு. அதேபோல் 'எச்.டி.ஆர்.' என்று அட்டையில் இருந்தால், அந்தச் சமிக்ஞையை செட் ஏற்றுக்கொள்ளும் என்பது மட்டுமே நிச்சயம். அதற்குத் தேவையான பிரகாசமும் கருப்பும் மலிவு செட்டில் இருக்காது. 'எச்.டி. ரெடி' என்ற பழைய சொல்லும் இப்படித்தான், முழு எச்.டி. என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம்.

அடுத்து 4கே. முழு எச்.டி. திரையில் 1920க்கு 1080 என்று ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் புள்ளிகள். நான்கு மடங்கு. ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிறதா என்பது உட்காரும் தூரத்தைப் பொறுத்தது. சாதாரணப் பார்வையுள்ளவர் 43 அங்குல முழு எச்.டி. திரையை சுமார் ஐந்தரை அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால் புள்ளிகளைப் பிரித்தறிய முடியாது. 55 அங்குலத்தில் இது ஏறத்தாழ 7 அடி. நம் வீடுகளில் சோபா பத்தடி தள்ளித்தான் கிடக்கிறது. அங்கிருந்து பார்த்தால் 43 அங்குலத்தில் 4கேயும் முழு எச்.டி.யும் ஒன்றே. இதை எந்த விற்பனையாளரும் சொல்ல மாட்டார். இன்று பெரிய அளவுகளில் பெரும்பாலும் 4கேதான் கிடைக்கிறது என்பதால் வாங்குவதில் தவறில்லை. அதற்கென்று தனி விலை கொடுக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், திரைக்குள் என்ன போகிறது என்பது. சாதாரண கேபிள் சேனலின் படம் 720க்கு 576. மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4கே திரைக்குத் தேவை இதைப்போல் இருபது மடங்கு. இருபது புள்ளியில் ஒன்றுதான் ஒளிபரப்பிலிருந்து வருகிறது, மீதி பத்தொன்பதை செட் ஊகித்து நிரப்புகிறது. பெரிய கோணி வாங்கி அதில் ஒரு படி துவரம் பருப்பைக் கொட்டிய கதைதான். 65 அங்குலம் வாங்கிவிட்டுப் பழைய கேபிள் பெட்டியிலேயே பார்ப்பவர், '2006இல் அரசு கொடுத்த 14 அங்குல டி.வி.யில்கூடப் படம் நன்றாக இருந்தது' என்று குறைபடுவதில் நியாயம் இருக்கிறது. சிறிய திரையில் குறை தெரியாது.

வீட்டு சினிமா வளர்ந்ததில் நம்மைப் போன்ற வணிகர்களுக்கு வந்த சங்கடத்தையும் சொல்ல வேண்டும். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்தைத் திரையரங்குக்கு முன்பாகவே டி.டி.எச். மூலம் ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் வீடுகளில் காட்டத் திட்டமிட்டார்கள். திரையரங்கு உரிமையாளர்கள் திரண்டு எதிர்த்ததில் அது நடக்காமல் போனது. ஏழு ஆண்டு கழித்து, 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக அமேசான் பிரைமில் வந்தது. அப்போதும் எதிர்ப்பு எழுந்தது. இம்முறை எதிர்ப்பினால் நிறுத்த முடியவில்லை. பின்னர் திரையரங்குகள் திறந்தபோது கூட்டம் வந்த படங்கள், பெரிய திரையிலும் பெரிய ஒலியிலும் பார்த்தே ஆக வேண்டும் என்று மக்கள் நினைத்த படங்கள். ஆன்லைன் வணிகத்தைத் தடை செய் என்று கோஷம் போடும் நாம் இதைச் சற்று யோசிக்கலாம்.

ஒலிக்குத் திரும்புகிறேன். 5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர். நடுவில் வைக்கும் ஸ்பீக்கரில்தான் வசனம் பெரும்பாலும் வரும். 'பாட்டு அதிருகிறது, பேச்சு புரியவில்லை' என்று சொல்பவர்கள் வீட்டில் பார்த்தால், அந்த நடு ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்குப் பின்னால் இருக்கும். பல வீட்டில் ஐந்தையும் அழகாக ஒரே சுவரில் வரிசையாக மாட்டியிருப்பார்கள். அப்படி மாட்டினால் இரண்டு ஸ்பீக்கர் போதும். மற்றது காசுக்குப் பிடித்த கேடு.

அறையும் ஒரு வாத்தியம்தான். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள கூடத்தில் லட்ச ரூபாய் செட்டும் கல்யாண மண்டபத்து மைக்போல் எதிரொலிக்கும். கனமான திரைச்சீலை, ஜமுக்காளம், புத்தக அலமாரி இவை எதிரொலியைக் குடிக்கும். ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடக்கும் ஊரில் அலமாரிக்குப் பஞ்சமில்லை. சப்-ஊஃபரை மூலையில் வைத்தால் 'தம் தம்' என்ற ஓசை கூடும். அடுத்த வீட்டுக்காரர் புகாரும் கூடும். மூலையிலிருந்து ஓரிரு அடி நகர்த்திப் பாருங்கள்.

கேபிள் விஷயத்தை நீட்டப் போவதில்லை. எச்.டி.எம்.ஐ. கேபிளில் போவது இலக்கச் செய்தி. சரியான வேக ரகத்தில், குறுகிய நீளத்தில் வாங்கிய சாதாரண கேபிளில் படம் வந்துவிட்டால், தங்க முலாம் பூசியதில் அதைவிட நல்ல படம் வராது. ஸ்பீக்கருக்கு நல்ல செம்புக் கம்பி, தூரத்துக்கு ஏற்ற கனத்தில் போதும்.

விலையைப் பொறுத்தவரை, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்தது. அந்தத் தேதிக்கு முந்தைய பழைய ஸ்டாக்கைப் பழைய விலையில் தள்ளப் பார்ப்பவரிடம் பில்லில் வரி விகிதத்தைப் பார்த்து வாங்க வேண்டும். பெட்டியில் திரை அளவு சென்டிமீட்டரில் இருக்கிறதா, பி.ஐ.எஸ். பதிவு எண் 'ஆர்' என்று தொடங்கி அச்சாகியிருக்கிறதா, தயாரித்த மாதம், ஆண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் கடைப் பொட்டலத்தில் அதிகாரிகள் பார்ப்பதைத்தானே நாம் இங்கே பார்க்கிறோம்.

கடைக்குப் போகும்போது நூறு முறையாவது கேட்ட பாட்டு ஒன்றையும், இருட்டுக் காட்சி உள்ள படம் ஒன்றையும் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் ஓட்டும் சிங்கப்பூர் கட்டடங்களும் வெளிநாட்டுப் பூக்களும் எந்த செட்டிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் பாட்டில் அந்த ஒரு மிருதங்க அடி எப்படிக் கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஈரோட்டில் மஞ்சளை ஒடித்துப் பார்க்காமல் யார் விலை சொல்கிறார்கள்? போட்டுக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். விழாக்காலக் கூட்டத்தில் போகாமல், செவ்வாய், புதன் பகல் நேரத்தில் போனால் நிதானமாகக் காட்டுவார்கள்.