வீட்டிலிருந்தே பட்டம்: பணம் கட்டும் முன்னும் பின்னும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எம்.காம். படிக்கலாம், கடையில் வேலை பார்த்துக்கொண்டே விட்டுப்போன பட்டத்தை முடிக்கலாம் என்று வழி திறந்துவிட்டிருப்பது ஆன்லைன் தொலைநிலைக் கல்விதான். சேரும் முன்பும் சேர்ந்த பிறகும் கவனிக்க வேண்டியவை இவை.

1. விளம்பரத்தில் 'யு.ஜி.சி. அங்கீகாரம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது. அனுமதி பல்கலைக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, படிப்புவாரியாகக் கிடைக்கிறது. பி.காம்.க்கு அனுமதி பெற்ற இடத்தில் எம்.பி.ஏ.வுக்கு இல்லாமல் போகலாம். எந்தக் கல்வியாண்டில் எந்தப் படிப்புக்கு அனுமதி என்ற பட்டியல் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் படிப்பு உள்ள பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 2024 முதல் சேர்க்கைக்கு அந்தப் பிரிவின் மாணவர் அடையாள எண்ணான டி.இ.பி. ஐ.டி. கட்டாயம். அதை மாணவரே உருவாக்கிக்கொள்ள வேண்டும். "ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க, நாங்களே போட்டுடறோம்" என்பவரிடம் சொல்லாதீர்கள்.

2. பல்கலைக்கழகங்கள் தனியாருக்கு ஃபிராஞ்சைஸ் கொடுத்துப் பட்டப்படிப்பு நடத்த யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் போர்டு மாட்டிய சென்டரில் பணம் கட்டச் சொன்னால், ரசீது யார் பெயரில் வரும் என்று முதலில் கேளுங்கள். கட்டணம் பல்கலையின் கணக்குக்கே போக வேண்டும்.

3. 'மாதம் இவ்வளவு கட்டினால் போதும்' என்ற தவணைத் திட்டம் பல சமயம் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் போடும் கடன். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துகொண்டே இருக்கும். கையெழுத்துக்கு முன், இது கட்டணத் தவணையா, கடனா என்று எழுத்தில் வாங்குங்கள். தேர்வுக் கட்டணம் தனியா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

4. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் அறிவித்திருக்கிறது. 'கரஸ்தானே' என்று உதட்டைப் பிதுக்கும் உறவினருக்கு இது போதும். தனியார் கம்பெனி இன்டர்வியூக்களில் அந்தப் பிதுக்கல் இன்னும் முழுதாகப் போகவில்லை. செய்து காட்ட ஒரு புராஜெக்ட்டோ வேலை அனுபவமோ கையில் இருந்தால் நல்லது.

5. தமிழக அரசு வேலை குறிக்கோள் என்றால் பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை முக்கியம். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாக வாங்கிய பட்டம் அங்கே செல்லாது. தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதிவிட்டுப் பிறகு சேருங்கள்.

6. மருத்துவம், நர்சிங், பி.இ. போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்த அனுமதி இல்லை. 2025 ஜூலை சேர்க்கையிலிருந்து உளவியலுக்கும் இல்லை.

7. ஆயிரக்கணக்கில் கட்டும் முன் உங்களையே சோதித்துப் பாருங்கள். மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளில் சேர்ந்து படிப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமானால்தான் தேர்வுக் கட்டணம், மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வாராவாரம் அசைன்மென்ட் வரும். முதல் வாரம் எல்லோரும் முடித்துவிடுவார்கள். நான்காவது வாரம் கடைசித் தேதிக்குள் நீங்கள் அனுப்புகிறீர்களா என்பதுதான் கேள்வி. ஏன் வரவில்லை என்று கேட்க வாத்தியார் இல்லை, நோட்டு கொடுக்கப் பக்கத்துப் பெஞ்சுத் தோழி இல்லை. ஆன்லைன் படிப்பின் பெரிய குறை இதுதான் என்பேன், நெட் வேகமெல்லாம் அப்புறம். அதே பாடத்தில் சேர்ந்த இரண்டு மூன்று பேரைத் தேடி ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டால் பாதி சமாளிக்கலாம். நாற்பது பேர் குழு வேண்டாம், அதில் குட் மார்னிங் படம்தான் வரும்.

8. வீட்டில் இருந்து படித்தால் 'சும்மாதானே இருக்கே' என்றுதான் நினைப்பார்கள். நேரலை வகுப்பு தொடங்கிய ஐந்தாவது நிமிடம் சிலிண்டர்காரர் மணி அடிப்பார், குக்கர் மூன்றாவது விசில் விடும், சின்னவன் போனைக் கேட்டு அழுவான். வகுப்பு நேரத்தைக் காலண்டரில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அந்த நேரம் போனும் பெல்லும் வேறொருவர் பொறுப்பு என்று முன்பே பேசி வைத்துவிடுங்கள். பதிவு செய்த பாடத்தைச் சமைத்துக்கொண்டே ஒருமுறை கேட்கலாம், வரலாறும் இலக்கியமும் அப்படி ஓரளவு ஏறும். அக்கவுன்டன்சி ஏறாது. பற்று வரவுக் கட்டம் போட்டு, பேனாவால் கணக்கைப் போட்டால்தான் எங்கே இடிக்கிறது என்று தெரியும்.

9. சின்னத் திரையில் ஒரு மணி நேரம் பார்த்தால் கண் எரியும். போனை டி.வி.யில் இணைத்துப் பாருங்கள். டேட்டா மிச்சமானால் இரவில் பாடத்தை இறக்கி வைக்கலாம். நெட் மோசமான ஊர்களில் டி.டி. ஃப்ரீ டிஷ் மூலம் வரும் ஸ்வயம் பிரபா சேனல்கள் உதவும்.

10. 'எல்லாமே ஆன்லைன்' என்றாலும் தேர்வு எங்கே என்று கேளுங்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டத்துக்கும் முக்கியத் தேர்வுகளை மையத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டும். கைக்குழந்தை உள்ளவர்களும் லீவு கிடைக்காதவர்களும் மையம் எந்த ஊரில் என்று பார்த்தபிறகு சேரவும்.

11. கட்டண ரசீது, ஹால் டிக்கெட், ஒவ்வொரு செமஸ்டர் மார்க் ஷீட், எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போடுங்கள். அரசு வேலையில் சேர்ந்தபின் உண்மைத்தன்மைச் சான்று கேட்பார்கள். அப்போது பதிவு எண் இல்லாமல் பல்கலைக்கு எழுதினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.