58 வயதில் தூக்கம் வரவில்லையா? பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்!

சித்த வைத்தியருக்கும் பி.எஃப். பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் ஆனைக்குட்டம் பக்கம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள் சொல்லும் புகார் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்புத் தட்டிருது டாக்டர், அப்புறம் தூக்கமே இல்ல." "சாப்பிட்டா நெஞ்சு எரியுது." "சும்மா இருக்கையிலயே படபடன்னு வருது." நாடி பார்ப்பேன், பி.பி. பார்ப்பேன், சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பேன். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில், நோயைக் கணிக்கும் முறைகளில் ‘வினாதல்’ என்றும் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். நோயாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது. அதனால் கடைசியாக மெதுவாகக் கேட்பேன்: "வேலையிலிருந்து எப்ப நிக்கிறீங்க?" பாதிப் பேருக்கு முகம் மாறுவது அங்கேதான்.

போன தீபாவளி முடிந்து, ஆலைகளில் பூஜை போட்டு வேலை ஆரம்பித்த சமயம். பட்டாசு ஆலை போர்மேன் ஒருவர் வந்தார். வயது 57. சிவகாசி, விருதுநகர் வட்டாரத்தில் நாலு ஆலைகளில் மொத்தம் 26 வருஷ உழைப்பு. ஆலை மாறும்போதெல்லாம் பி.எஃப். கணக்கை முடித்துப் பணத்தை வாங்கிவிட்டார். முதல் தடவை மகளுக்குக் காதுகுத்து, இரண்டாம் தடவை வீட்டுக்குத் தளம், மூன்றாவது எதற்கு எடுத்தார் என்று அவருக்கே ஞாபகமில்லை. கடைசி ஆலையில் சேர்ந்து ஏழு வருஷம்தான் ஆகிறது. "பென்ஷன் எவ்வளவு வரும்னு ஆபீஸ்ல கேட்டேன் டாக்டர். உங்களுக்குப் பென்ஷனே கிடையாதுன்னுட்டாங்க." தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

அவர் கேட்ட கேள்விகளும், அவரைப் போல மற்றவர்கள் கேட்டவையும்தான் இந்தக் கட்டுரை.

"26 வருஷம் பணம் கட்டியிருக்கேன். எனக்கு எப்படிப் பென்ஷன் இல்லாமப் போகும்?"

உங்கள் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள். முதலாளியும் 12 சதவீதம் போடுகிறார். ஆனால் முதலாளி போடுவது முழுவதும் உங்கள் பி.எஃப். கணக்கில் சேருவதில்லை. அதில் 8.33 சதவீதம் தனியாகப் பிரிந்து, 1995 நவம்பர் 16-ந் தேதி ஆரம்பித்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. ஒரே அடுப்பில் இரண்டு பானை என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதல் பானையில் இருப்பது வட்டியோடு திரும்பி வரும் மொத்தப் பணம். இரண்டாவது பானையில் சேருவது பணமல்ல, வருஷம்! குறைந்தது பத்து வருஷம் அதில் சேர்ந்திருந்தால்தான் 58 வயது முடிந்ததும் மாதாமாதம் பென்ஷன்.

கணக்கு இதுதான். கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். இதற்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பை 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயாக்கினார்கள். 2015-ல் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் 15 வருஷம் முடிக்கிறார், சராசரிச் சம்பளம் 14,000 என்றால், மாதம் 3,000 ரூபாய். 2014-க்கு முந்தைய சேவைக்குப் பழைய உச்சவரம்பான 6,500-ஐ வைத்துத் தனியாகக் கணக்கிடுவதால், பழைய ஆட்களுக்குக் கொஞ்சம் குறையும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அரிசி, பருப்பு, மாத்திரைச் செலவுக்கு ஆகும். கணவர் காலமானாலும் அதில் பாதி மனைவிக்குத் தொடர்ந்து வரும்.

நம் போர்மேன் ஒவ்வொரு ஆலையிலும் கணக்கை முடித்தபோது பென்ஷன் பங்கையும் சேர்த்து வாங்கிவிட்டார். அதற்கென்று 10-சி என்று ஒரு படிவம் உண்டு. யாரோ நீட்டினார்கள், இவர் கையெழுத்துப் போட்டார். அப்போது கிடைத்தது சில ஆயிரம். போனது, அத்தனை வருஷச் சேவை. எங்கள் ஊர் அணையைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அர்ச்சுனா நதியில் தண்ணீர் வந்து என்ன, ஷட்டர் கசிந்து ஓடிப்போன வருஷங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? பழைய கணக்கைப் புது ஆலைக்கு மாற்றியிருக்க வேண்டும். இப்போது பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண் இருக்கிறது. எத்தனை கம்பெனி மாறினாலும் எண் ஒன்றுதான். புது வேலை உடனே கிடைக்கவில்லையா? அதே 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் ‘திட்டச் சான்றிதழ்’ வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் காகிதத்தைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த வேலையில் சேரும்போது கொடுத்தால் பழைய வருஷங்கள் கூட வந்து ஒட்டிக்கொள்ளும்.

"அப்படின்னா அவசரத்துக்குக்கூட பி.எஃப்.ல கை வைக்கக் கூடாதா?"

அப்படிச் சொல்ல நான் யார்? கல்யாணம், வைத்தியம், வீடு இவற்றுக்கு அட்வான்ஸ் எடுக்க வழி இருக்கிறது. அது முதல் பானையிலிருந்து வருவது. சேவை வருஷம் அறுபடாது. அட்வான்ஸ் எடுப்பது வேறு, கணக்கை முடிப்பது வேறு. படிவத்தில் எதற்கு டிக் போடுகிறோம் என்று பிள்ளைகளை விட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்தச் சமயத்தில் பி.எஃப். அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு. ‘எனக்கெல்லாம் எங்க அண்ணாச்சி கொடுக்கப் போறாங்க’ என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

"நாமினேஷன் பழசாவே இருக்கு, மாத்தணுமா?"

எங்கள் வட்டாரத்தில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் நடந்தவை எத்தனையோ. வேலையில் இருக்கும்போது ஒருவர் இறந்தால், பத்து வருஷக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை. ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. பி.எஃப். கணக்கோடு சேர்ந்து ஒரு இன்ஷூரன்ஸும் இருக்கிறது. 2021-ல் அதன் உச்சத்தொகையை 7 லட்சமாக்கினார்கள். அதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளிதான் கட்டுகிறார். இப்படி ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது.

கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ எழுதிக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டவர்கள், இந்த வாரமே மாற்றிப் பதியுங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப்.பில் வேறு இனிஷியல் என்றிருந்தாலும் சரி செய்துவிடுங்கள். துக்க வீட்டுப் பெண்ணை ஓர் எழுத்துக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைய விடுவது பெரிய பாவம்.

"வேலையை விட்டா இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் போச்சா?"

வைத்தியன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த பதில் இது. போகாது! குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயதாகி ஓய்வு பெற்றவர், வருஷத்துக்கு 120 ரூபாய் முன்பணமாகக் கட்டினால் அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் சிகிச்சை தொடரும். மாதத்துக்குப் பத்து ரூபாய். டீக்கடையில் ஒரு வடைக்குக்கூடக் காணாது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்கியே பென்ஷனைக் கரைக்கிறவர்கள் இதை விடலாமா? நிற்கும்போது ஆலையில் சேவைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீடு என்றால், 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது என்றிருந்த வரம்பை 2024-ல் எடுத்துவிட்டார்கள். பிரீமியம் அதிகம்தான். முன்பே இருக்கிற நோயை மறைக்காமல் எழுதுங்கள். (சித்தா, ஆயுர்வேத சிகிச்சைக்கும் மற்ற சிகிச்சைக்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2024-லேயே உத்தரவு வந்தது. உள்நோயாளியாகத் தங்கினால்தான். என்னிடம் வாங்கும் சூரணத்துக்குப் பில் போட்டுக் கேட்காதீர்கள்!)

"மொத்தமா ஒரு பத்து லட்சம் வருது. எதுல போடட்டும்?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி வந்தது என் அப்பாவால். பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற்ற பணத்தைத் தொண்ணூறுகளில் ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். பெயர் வேண்டாம். கூட 24 சதவீத வட்டி, வாசலில் குத்துவிளக்கு, சந்தனம். எட்டு மாதம் ஒழுங்காக வட்டி வந்தது. ஒன்பதாவது மாதம் கதவில் பூட்டு. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் 1997-ல் வந்ததென்றால், அப்பாவைப் போல எத்தனை பேர் ஏமாந்திருப்பார்கள் பாருங்கள். அப்பாவுக்கு அதன்பின் வந்த நெஞ்செரிச்சலுக்கு நான் மருந்து கொடுத்தேன். எந்த மருந்தும் கேட்கவில்லை.

ஆகவே, ஊரில் ‘ரெண்டு வட்டி தாரேன்’ என்று யாராவது சிரித்துக்கொண்டே கேட்டால், அதுவும் அதே 24 சதவீதம்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அறுபது முடிந்தவர்களுக்குத் தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. ஐந்து வருஷம். 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டியை 8.2 சதவீதமாக்கினார்கள், புதிதாகப் போடுகிறவர்களுக்கான வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசீலிக்கும், போட்ட பிறகு உங்கள் வட்டி மாறாது. 8.2 சதவீதத்தில் பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு 20,500 ரூபாய். வங்கி டெபாசிட் என்றால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதால் பிரித்துப் போடுங்கள். ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை மட்டும் சேமிப்புக் கணக்கில் தனியாக வையுங்கள்.

‘பையன் கடை வைக்கக் கேக்கான்’ என்பார்கள். கொடுங்கள், அது உங்கள் பாசம். முழுவதையும் கொடுத்துவிட்டு மருந்துக்கு மருமகளிடம் கைநீட்டுகிறவர்களையும் நான் தினமும் பார்க்கிறேன்.

கடை வைத்திருப்பவர்கள், பிரஸ் நடத்துகிறவர்கள், என்னைப் போன்றவர்களுக்கு பி.எஃப். போட ஆளில்லை. நான் நாற்பது தாண்டித்தான் விழித்துக்கொண்டு தபால் நிலையத்தில் பி.பி.எஃப். ஆரம்பித்தேன். 15 வருஷம் ஓட வேண்டும். முப்பதிலேயே தொடங்கியிருக்கலாம்.

போர்மேனுக்கு அமுக்கரா சூரணத்தைப் பாலில் சாப்பிடச் சொன்னேன், ராத்திரிக் காப்பியை நிறுத்தினேன். போன சேவையை மீட்டுக் கொடுக்க என்னிடம் சூரணம் இல்லை. கிளம்பும்போது கதவருகில் நின்று, "வீட்ல அவளும் தீப்பெட்டி ஆலையை விட்டு நிக்கப் போறா டாக்டர். முட்டி வலி. அவ பி.எஃப். வந்தா கடனை அடைச்சுரலாம்" என்றார்.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஒம்பது முடிஞ்சிருச்சு."

"அண்ணாச்சி, உள்ள வந்து உட்காருங்க" என்றேன். மறுநாள் அந்த அம்மாவையும் வரச் சொல்லி முட்டிக்குத் தைலமும் ஒத்தடமும் கொடுத்தேன். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாற்றித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டிருக்கிறார்கள், மாற்றியும் கொடுத்துவிட்டார்களாம். வருகிற ஆவணியில் அவருக்குப் பத்து வருஷம் முடிகிறது.