சொன்ன இடத்தில் நிற்கும் இயந்திரம்

படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் கடலோர மக்கள் சொல்வர். அமரத்தில் அமர்ந்திருப்பவர் சுக்கானைப் பிடித்து இப்புறமும் அப்புறமும் சாய்க்கிறார். படகு அவர் எண்ணியபடி திரும்புகிறது. ஒரு கையால் முடிகிற வேலை அது.

இனி ஒரு பெருங்கப்பலை நினைத்துப் பார்ப்போம். 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் சுக்கான் மட்டும் ஏறக்குறைய 100 டன் எடை கொண்டது. அதையும் ஒரே ஒரு மாலுமிதான், கப்பலின் முற்பகுதியில் நின்றபடியே, ஒரு மரச்சக்கரத்தைச் சுற்றித் திருப்பினார். இது எப்படி முடிந்தது?

எங்கள் விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில் இக்கேள்வி எழுந்தபோது, "பெரிய பற்சக்கரங்கள் இருந்திருக்கும்" என்றாள் ஒருத்தி. "நீராவி திருப்பியிருக்கும்" என்றாள் மற்றொருத்தி. "இரண்டும் சரி, ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் விடையில் பாதிதான்" என்றார் சகோதரி. மீதிப் பாதியை நாங்கள் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

சுக்கானின் வேலை

சுக்கான் என்பது கப்பலின் அடியில், அமரத்தில், கதவைப்போல் கீலில் மாட்டப்பட்ட தட்டையான பலகை. கப்பல் நேரே செல்லும்போது அதுவும் நேராக நிற்கும். அதை ஒரு பக்கம் சாய்த்தால் ஓடிவரும் நீர் அதன்மீது மோதி, கப்பலின் பின்பக்கத்தை மறுபக்கம் தள்ளுகிறது. உடனே அணியம் திரும்புகிறது.

சுக்கானின் தண்டில் பொருத்திய நீண்ட கையைத் தள்ளித்தான் பழங்காலத்தில் கப்பலைத் திருப்பினர். பின்னர் அக்கையின் இருபுறமும் கயிறு கட்டி, கப்பிகள் வழியாக மேல்தளத்துக்குக் கொண்டுவந்து, ஒரு பீப்பாயில் சுற்றி, அதன்மேல் கைப்பிடிகள் உள்ள சக்கரத்தை மாட்டினர். படங்களில் நாம் காணும் கப்பற்சக்கரம் இதுவே.

காற்றை நம்பி ஓடிய கப்பல்களுக்கு இது போதுமானதாக இருந்தது. நீராவிக் கப்பல்கள் வந்ததும் தொல்லை தொடங்கியது. சுக்கானின் பரப்பு கூடினால் நீரின் விசையும் கூடும். கப்பலின் வேகம் இரு மடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். கப்பல்களோ நீளத்திலும் வேகத்திலும் ஒருங்கே வளர்ந்தன.

"கப்பிகளைக் கூட்டினால் போதாதா?" என்று நாம் கேட்கலாம். எளிய எந்திரங்களைப் பற்றிய பாடத்தை இங்கே நினைவுகூர வேண்டும். விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் அதைக் கொடுத்தாக வேண்டும். பத்தில் ஒரு பங்கு விசை போதுமென்றால் கயிற்றைப் பத்து மடங்கு நீளம் இழுக்க வேண்டும். எதிரே பாறை தெரியும் வேளையில் அதற்கு நேரம் ஏது?

1860களில் கட்டப்பட்ட பிரிட்டிஷ் இரும்புப் போர்க்கப்பல் மினோட்டாரில் சுக்கானைத் திருப்ப 78 பேர் தேவைப்பட்டனர். 18 பேர் சக்கரங்களில் நின்றனர். 60 பேர் கப்பிக் கயிறுகளை இழுத்தனர். அப்படியும் சுக்கானை முழுவதும் சாய்ப்பதற்கு ஒன்றரை நிமிடம் ஆயிற்று. மேலும், ஒரு பேரலை சுக்கானைத் தாக்கினால் அந்த அதிர்ச்சி கயிறு வழியே சக்கரத்துக்கு வந்துவிடும். சக்கரம் திடீரெனச் சுழன்று, பிடித்திருந்த மாலுமிகளை அடித்து வீழ்த்தும். கை கால் முறிந்தவர் பலர்.

புயலில் ஒரு பெருங்கப்பல்

அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கப்பல் கிரேட் ஈஸ்டர்ன். இசம்பார்ட் கிங்டம் புரூனல் என்னும் ஆங்கிலேயப் பொறியியலறிஞர் வடிவமைத்த அது 1858இல் நீரில் இறக்கப்பட்டது. அதன் நீளம் 692 அடி. பக்கவாட்டில் இரண்டு துடுப்புச் சக்கரங்கள், பின்னால் ஒரு திருகு விசிறி, மேலே ஆறு பாய்மரங்கள் எனப் பெரியதோர் ஊரைப்போல் அது மிதந்தது.

1861ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் லிவர்ப்பூலிலிருந்து நியூயார்க்குக்கு ஏறத்தாழ 400 பயணிகளுடன் அது புறப்பட்டது. அட்லாண்டிக் கடலில் கடும்புயல் பிடித்துக்கொண்டது. துடுப்புச் சக்கரங்கள் நொறுங்கின. சுக்கானின் தடித்த இரும்புத் தண்டும் முறிந்தது. திசை திருப்ப வழியின்றி அலைகளுக்குப் பக்கம் காட்டிக்கொண்டு அத்தனை பெரிய கப்பல் தத்தளித்தது. அறைகளிலிருந்த நாற்காலியும் மேசையும் கண்ணாடியும் இங்குமங்கும் உருண்டு உடைந்தன.

பயணிகளுள் ஹாமில்டன் டவுல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒருவர் இருந்தார். முறிந்த தண்டின் அடிப்பாகத்தைச் சுற்றிக் கனத்த சங்கிலியைப் பூட்டி, அதை இருபுறமும் இழுத்துச் சுக்கானைத் திருப்பலாம் என்று அவர் யோசனை சொன்னார். முயற்சி பலித்தது. கப்பல் மெல்லத் தலை திருப்பி அயர்லாந்தின் குவீன்ஸ்டவுன் துறைமுகத்தை அடைந்தது.

நீராவி இயந்திரம் இருந்திருந்தால் அந்தத் தண்டு முறிந்திராது என்று நாம் சொல்லவரவில்லை. ஆனால் எத்தனை ஆயிரம் குதிரைத்திறன் முன்னே தள்ளினாலும், திருப்ப முடியாத கப்பல் வெறும் மிதவைதான் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

விசை மட்டும் போதுமா?

கப்பலிலேயே கொதிகலன் இருக்கிறது, நீராவிக்குப் பஞ்சமில்லை. பின் ஏன் முன்பே சுக்கானுக்கு ஒரு நீராவி இயந்திரத்தை மாட்டவில்லை?

இங்கேதான் சகோதரி சொன்ன மீதிப் பாதி இருக்கிறது. நீராவி இயந்திரத்தைத் திறந்துவிட்டால் அது ஓடும். மூடும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். சுக்கானுக்கோ ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் ஆகாது. 10 பாகை என்றால் 10 பாகையில் நிற்க வேண்டும். அலை வந்து தள்ளினாலும் அங்கேயே நிற்க வேண்டும். சுக்கானியோ அமரத்திலிருந்து வெகுதூரத்தில் நிற்கிறார். நீருக்குள் இருக்கும் சுக்கான் எவ்வளவு சாய்ந்தது என்று அவருக்குத் தெரியாது. எப்போது மூடுவது?

அமெரிக்காவில் பிரடெரிக் சிக்கல்ஸ் என்பவர் நீராவியால் சுக்கானைத் திருப்பும் அமைப்புக்கு 1860இல் காப்புரிமை பெற்றார். லிவர்ப்பூலைச் சேர்ந்த ஜான் மக்ஃபார்லேன் கிரே 1866இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், 1867இல் அதே கிரேட் ஈஸ்டர்ன் கப்பலில் பொருத்தப்பட்டது. அதில் கிரே செய்த தந்திரம் மிக எளியது. ஆனால் மிக ஆழமானது.

சுக்கானி சக்கரத்தைச் சுற்றும்போது அவர் சுக்கானைத் திருப்புவதில்லை. ஒரு சிறிய நீராவித் திறப்பை மட்டுமே நகர்த்துகிறார். அதற்கு ஒரு விரலின் பலம் போதும். திறப்பு நகர்ந்ததும் நீராவி பாய்ந்து இயந்திரம் ஓடுகிறது, சுக்கான் திரும்புகிறது. ஆனால் இயந்திரம் ஓட ஓட, அதனோடு இணைந்த ஒரு திருகமைப்பு அதே திறப்பை மெல்ல மூடிக்கொண்டே வருகிறது! சுக்கானி கேட்ட அளவுக்குச் சுக்கான் திரும்பியதும் திறப்பு முழுவதும் மூடிவிடும், இயந்திரம் நின்றுவிடும். திறப்பது மனிதரின் கை. மூடுவது இயந்திரத்தின் சொந்த அசைவு.

சக்கரத்தை மறுபக்கம் சுற்றினால் திறப்பு மறுபக்கம் நகரும். அப்போது நீராவி நுழையும் வழியும் வெளியேறும் வழியும் இடம் மாறிக்கொள்ளும்; இயந்திரம் எதிர்த்திசையில் ஓடும். இவ்வகை இயந்திரங்களில் பொதுவாக இரண்டு உருளைகள் உண்டு. ஒன்றின் பிஸ்டன் முனையில் நின்று தள்ள முடியாதிருக்கும் வேளையில் மற்றதன் பிஸ்டன் நடுவழியில் இருக்கும். ஆகவே எந்த நிலையில் நின்றிருந்தாலும் இயந்திரம் உடனே புறப்படும்.

நாமே செய்து பார்ப்போம்

இதைப் புரிந்துகொள்ள நீராவி வேண்டாம். ஓர் அடிக்கோலும் இரண்டு தோழியரும் போதும்.

மேசைமீது சுண்ணக்கட்டியால் ஒரு நேர்க்கோடு வரைந்து, அதன்மேல் 30 செ.மீ. அடிக்கோலை வைப்போம். ஒரு முனையை முதல் மாணவி பிடிக்கட்டும்; அவளே சக்கரம். மறுமுனையை இரண்டாம் மாணவி பிடிக்கட்டும், அவளே சுக்கான். நடுவிலுள்ள 15 செ.மீ. குறியே நீராவித் திறப்பு. அது கோட்டின்மேல் இருந்தால் திறப்பு மூடியிருக்கிறது. கோட்டைவிட்டு விலகினால் திறந்திருக்கிறது.

முதல் மாணவி தன் முனையை 4 செ.மீ. முன்னே தள்ளட்டும். மறுமுனை அசையாததால் நடுக்குறி 2 செ.மீ. முன்னே போகும். திறப்பு திறந்துவிட்டது! இரண்டாம் மாணவிக்கு ஒரே ஒரு விதி: நடுக்குறி எந்தப் பக்கம் விலகியதோ அதற்கு எதிர்ப்பக்கமாகத் தன் முனையை நகர்த்த வேண்டும், குறி கோட்டுக்குத் திரும்பியதும் நிறுத்த வேண்டும். அவள் சரியாக 4 செ.மீ. பின்னே நகர்த்தியதும் குறி கோட்டில் வந்து நிற்கும். "4 செ.மீ. நகர்த்து" என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி மூன்றாவது தோழி ஒருத்தி அலையாக வந்து சுக்கான் முனையைத் தட்டிவிடட்டும். நடுக்குறி மீண்டும் விலகும். தன் விதிப்படி இரண்டாம் மாணவி அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவாள். முதல் மாணவியின் கையை அலை தொடுவதே இல்லை. மாலுமிகளின் எலும்பை முறித்த உதை இவ்வாறே ஒழிந்தது.

அங்கிருந்து எங்கே?

நீராவியை நீண்ட குழாய்களில் கொண்டுசென்றால் வழியிலேயே குளிர்ந்து நீராகிவிடும். மேல்தளத்திலிருந்து அமரம்வரை சங்கிலிகளும் தண்டுகளும் ஓடினால் உராய்வு மிகும். இதற்குத் தீர்வாக, இயந்திரத்தைச் சுக்கானுக்கு அருகிலேயே வைத்துவிட்டு, சக்கரத்தின் கட்டளையை மட்டும் மெல்லிய குழாய்களில் அடைத்த திரவத்தின் வழியே அனுப்பினர். குளிரில் உறையாதிருக்க அந்நீரில் கிளிசரினைக் கலந்தனர். இதற்கு டெலிமோட்டார் என்று பெயர். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் அசையும். பாஸ்கல் விதியை நாம் படித்தது நினைவிருக்கட்டும். டைட்டானிக்கின் சுக்கானி சுற்றியது இத்தகைய அமைப்பின் சக்கரத்தைத்தான்.

பிரான்சில் இதே துறையில் உழைத்த ஜோசப் ஃபார்கோ, இத்தகைய இயந்திரங்களைப் பற்றி 1873இல் ஒரு நூல் வெளியிட்டு, 'சர்வோமோட்டார்' என்ற பெயரை வழங்கினார். ஏவலாள் எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1922இல் நிக்கோலஸ் மினார்ஸ்கி, கப்பல் தானே தன் திசையைக் காத்துக்கொள்வதற்கான கணிதத்தை வகுத்தார். செய்த செயலின் விளைவைப் பார்த்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் இந்த முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். இன்று விமானத்தின் இறக்கைகளிலும் தொழிற்சாலைகளின் இயந்திரக் கைகளிலும் இருப்பது இதுவே.

இப்போதைய கப்பல்களில் சுக்கானைத் திருப்புவது நீராவியன்று. மின்சாரத்தால் இயங்கும் எண்ணெய் அழுத்தம். கப்பல் முழு வேகத்தில் செல்லும்போது, ஒருபக்கம் 35 பாகையிலிருந்து மறுபக்கம் 30 பாகைக்குச் சுக்கான் 28 விநாடிக்குள் வந்தாக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. மினோட்டாரின் 78 பேரையும் ஒன்றரை நிமிடத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆயினும் ஏவலாளைக் கவனிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1978 மார்ச் 16 அன்று அமோக்கோ காடிஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் சுக்கான் அமைப்பு பிரான்சின் பிரிட்டனி கரையருகே பழுதடைந்தது. எண்ணெய்க் குழாய் இணைப்பின் மரையாணிகள் முறிந்ததே காரணம். கப்பல் பாறையில் மோதி உடைந்தது. 2 லட்சம் டன்னுக்கும் அதிகமான கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. பறவைகளும் மீன்களும் மடிந்தன. மீனவர் பிழைப்பு இழந்தனர். சில ஆணிகள் செய்த வேலை அது! அதன்பின் 1981இல் சுக்கான் அமைப்புக்கான பன்னாட்டு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

முடிவாக ஒன்று. கிரேட் ஈஸ்டர்ன் நம் நாட்டுக்கும் அந்நியமன்று. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன்வரை கடலடித் தந்திக் கம்பியை இட்டது அந்தக் கப்பலே. 1889இல் அதை உடைக்கத் தொடங்கினர். இன்று அது இல்லை. அதில் ஏறிய சிறிய எண்ணம் ஒன்று மட்டும் உலகெங்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

சகோதரி கேட்ட மீதிப் பாதி இப்போது நம் கையில் இருக்கிறது. ஓடுவதற்கு வேண்டியது விசை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதற்கோ, தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று ஒவ்வொரு கணமும் திரும்பிப் பார்க்கும் குணம் வேண்டும். இரும்பால் ஆன இயந்திரம் அதைக் கற்றுக்கொண்டது, நாமும் கற்றுக்கொள்வோம்.