எண்ணெய்ச் சட்டியில் தீ: எந்தத் தீயணைப்பான் வாங்குவது?



சென்ற ரமலானில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்த நேரம். நம் டிரஸ்ட் மண்டபத்தின் பின்கட்டில் நோன்புக் கஞ்சி இறக்கியாயிற்று. இஃப்தாருக்கு வடை சுட எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பண்டாரி பாய் கஞ்சியை வாளிகளில் ஊற்றிக் கொடுக்கத் திரும்பிய சற்று நேரத்தில் சட்டியிலிருந்து முதலில் புகை, அடுத்து ஆளுயரத் தீ. உதவிக்கு வந்திருந்த தம்பி ஒருவர் தண்ணீர் வாளியைத் தூக்கிவிட்டார். "தண்ணி ஊத்தாதே தம்பி!" என்று பண்டாரி பாய் போட்ட சத்தத்தில் வாளி அங்கேயே கவிழ்ந்தது. அவர் கேஸ் வால்வை மூடினார். தேக்சா மூடியைக் கேடயம்போல் முன்னால் பிடித்துப் போய் சட்டியின் மேல் நகர்த்தி மூடினார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பிறகுதான் சுவரில் தொங்கிய சிவப்பு சிலிண்டர் எங்கள் கண்ணில் பட்டது. மூன்று வருடங்களுக்கு முன் வாங்கி மாட்டியது. பதற்றத்தில் அதை யாரும் நினைக்கவே இல்லை. அதன்மேல் எழுதியிருந்ததை அன்றுதான் முழுதாகப் படித்தோம். அது எண்ணெய்ச் சட்டித் தீக்கு உரியதே அல்ல. "எல்லாத் தீக்கும் இது ஒன்றே போதும் பாய்" என்று விற்றவர் சொன்னார். நாங்களும் மறு கேள்வி கேட்காமல் பில்லில் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தவறில் எங்கள் பங்கே பெரிது. அதன் பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறோம்.

வடை, சமோசா பொரிக்கும் பக்குவத்தில் எண்ணெயின் சூடு 170 முதல் 190 டிகிரி செல்சியஸ். கவனிக்காமல் விட்டால் 230 டிகிரியை ஒட்டிப் புகையத் தொடங்கும். அதற்கும் மேலே ஏறி, சுமார் 350 முதல் 400 டிகிரிக்குள் வந்தால் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும், பொறிகூடத் தேவையில்லை. தண்ணீரோ 100 டிகிரியில் ஆவியாகிவிடும். எண்ணெயைவிடக் கனமானதால் ஊற்றிய தண்ணீர் அடிக்குப் போய், அங்கே நொடியில் ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரியும். ஒரு டம்ளர் தண்ணீர் 300 லிட்டருக்கு மேல் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரை வரை வீசியடிக்கும். அன்று அந்த வாளி மட்டும் சட்டியில் சாய்ந்திருந்தால்? நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது.

இன்னொரு தன்மைதான் தீயணைப்பானைத் தேர்ந்தெடுப்பதில் முக்கியமானது. மேலே எரியும் தீ அணைந்தாலும் உள்ளே எண்ணெயின் சூடு குறைந்திருக்காது. காற்றுப் பட்டதும் திரும்பப் பற்றும். ஆகவே தீயை அணைத்தால் மட்டும் போதாது. காற்று புகாமல் மூடவும் வேண்டும், சூட்டை இறக்கவும் வேண்டும்.

தீயணைப்பானில் உள்ள எழுத்துகளுக்கு வருவோம். ஏ என்றால் விறகு, துணி, காகிதம். பி என்றால் பெட்ரோல், டீசல் போன்றவை. சி என்றால் எரிவாயு. சமையல் எண்ணெயும் திரவம்தானே, பி போதும் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். அதற்கென்றே எஃப் என்று தனி வகுப்பு உண்டு. அமெரிக்காவில் 1998-இல் இதே தீக்கு கே என்று பெயர் வைத்தார்கள். உணவகங்கள் விலங்குக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறின. சூட்டை நெடுநேரம் பிடித்து வைக்கும் பொரிப்பு அடுப்புகளும் வந்தன. பழைய பவுடர்கள் அங்கே போதவில்லை, அதனால் தனி வகுப்பு. கடையில் எஃப் என்றாலும் கே என்றாலும் நமக்கு ஒன்றே.

நம் சுவரில் இருந்தது ஏ.பி.சி. பவுடர். பள்ளிவாசல், கடை, கல்யாண மண்டபம் எங்கும் தொங்குவது பெரும்பாலும் அதுதான். விறகு, திரை, நாற்காலி எரிந்தால் அது நல்ல சாதனம். எண்ணெயில் தீயை ஒரு கணம் அமுக்கும். சூட்டை இறக்காது, மறுபடி பற்றும். வேகமாகப் பீய்ச்சினால் எண்ணெயே சிதறும். கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான். தண்ணீர், நுரை வகைகளை எண்ணெய்ச் சட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

இதற்கென்று செய்யப்பட்டது வெட் கெமிக்கல் தீயணைப்பான். உள்ளே பொட்டாசியம் உப்புகளின் கரைசல். எண்ணெயோடு காரத்தைச் சேர்த்துச் சவர்க்காரம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலை உடனே புரியும். கரைசல் மெல்லிய தூறலாகச் சூடான எண்ணெய்மேல் படும்போது, மேற்பரப்பு சவர்க்கார நுரையாக மாறி ஒரு மூடிபோல் படர்கிறது. கூடவே எண்ணெயும் குளிர்கிறது. தூறலாக விழுவதற்காகவே நீண்ட குழாய் வைத்திருக்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், எஃப் அல்லது கே எழுத்தும் இருக்கிறதா என்று நீங்களே பார்த்து வாங்குங்கள். விற்பவர் வாய்ச்சொல் போதாது.

வீட்டு அடுப்புக்கு இது அவசியமில்லை. சட்டியைவிடச் சற்றுப் பெரிய, கண்ணாடி அல்லாத மூடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கேஸை நிறுத்தி, மூடியைப் போட்டு, சட்டி நன்றாக ஆறும்வரை திறக்காமல், நகர்த்தாமல் விடுங்கள். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. பத்து, இருபது லிட்டர் எண்ணெய் காயும் வலீமா விருந்து, இஃப்தார் சமையலில் மூடி மட்டும் போதும் என்று இருக்க முடியாது.

"ஒரு தடவை நடந்ததற்கு இவ்வளவு செலவா?" என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஏ.பி.சி.யைவிட இது பல மடங்கு விலை. பணமோ உங்கள் அமானிதம். மதீனாவில் இரவில் ஒரு வீடு எரிந்தபோது, தூங்கப் போகுமுன் நெருப்பை அணைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக புகாரியில் ஓதியிருக்கிறோம். 2004 ஜூலை 16-இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் மாண்டதும் சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியதால்தான். அது எண்ணெய்த் தீ என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்க் கல்யாணங்களில் இன்றும் கீற்றுக் கொட்டகைக்குக் கீழேதான் சட்டி காய்கிறது. இதைச் சொன்னபிறகு ஒப்புதல் கிடைத்தது.

ஆறு லிட்டர் கொள்ளளவில் ஒன்று வாங்குகிறோம். அதை அடுப்புக்கு மேலே மாட்டுவதில்லை. தீயைத் தாண்டிப் போய் எடுக்க முடியாதல்லவா? வெளியேறும் வாசலை ஒட்டி மாட்டுவோம். பழைய ஏ.பி.சி. கூடத்திலேயே இருக்கும். முதலில் கேஸை நிறுத்தி, வாசல் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஓரிரு மீட்டர் தள்ளி நின்று, மேலிருந்து மெல்லத் தெளிக்க வேண்டும். தீ கூரைக்குப் போய்விட்டால் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி 101-ஐ அழையுங்கள். எண்ணெய் சுட்ட இடத்தில் பேஸ்ட், மை எதுவும் வேண்டாம். இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஷஅபான் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு மண்டப முற்றத்தில் இதைக் கையாளும் முறையைக் காட்ட ஏற்பாடு செய்கிறோம். அக்கம்பக்கப் பள்ளிவாசல் கமிட்டியினர் தங்கள் பண்டாரிகளையும் அழைத்து வாருங்கள். சட்டிக்குப் பொருந்தும் தகர மூடி ஒன்றை மட்டும் அதுவரை காத்திராமல் இப்போதே அடித்து, அடுப்பருகில் சாத்தி வைத்துவிட்டோம்.